நாவலர் மறைந்த நாள்: டிசெம்பர் 5 தானா, குருபூசை நாளா?

பாடசாலைப் பலகையில் நாவலர் மறைந்த நாளாக எந்தத் திகதியை எழுதுவது, குருபூசை (குருவின் நினைவு நாள் வழிபாடு) அறிவித்தலில் வேறு திகதி இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். டிசெம்பர் 5 என்றே போடுங்கள். பாடசாலைப் பலகையில் எழுதும் 'இன்றைய நாள்' ஆங்கிலத் திகதிக்கானது, ஆறுமுக நாவலர் மறைந்தது 1879 டிசெம்பர் 5, அது மாறாது.

நீங்கள் பார்த்த குருபூசை அறிவித்தலில் வேறு திகதி இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நட்சத்திரம்தான். குருபூசையைக் கார்த்திகை மாத மகத்தில் செய்வார்கள், மகம் ஒவ்வொரு வருடமும் ஒரே திகதியில் வராது, சில வருடம் நவம்பரிலேயே விழுந்துவிடும். வீட்டில் பஞ்சாங்கம் இருக்கும்தானே, கார்த்திகைப் பக்கத்தில் மகம் எந்த நாள் என்று பாருங்கள், அறிவித்தலோடு பொருந்த வேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கங்களும் சிலவேளை ஒரு நாள் வித்தியாசம் காட்டும், அதற்காகக் குழம்பாதீர்கள்.

அப்புறம், பிறந்தநாளும் டிசெம்பரில்தான் (1822 டிசெம்பர் 18, நல்லூர்). பலகையில் எழுதும் பிள்ளை இரண்டையும் மாற்றிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.