ஒன்றரை ஷிப்டும் ஒரு பக்கக் கதையும்: வாசகர் கேள்வி, எழுத்தாளர் பதில்

கேள்வி: அண்ணா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தினமும் ஒன்றரை ஷிப்ட், ரூமுக்கு வந்து சேர ஒன்பது ஆகிவிடுகிறது. நோட்டைத் திறந்தால் தூக்கம்தான் வருகிறது, கதை வருவதில்லை. எழுதும் உந்துதலை எப்படி வரவழைப்பது?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அதை வரவழைக்கிற வித்தை யாரிடமும் இல்லை தம்பி. இருப்பதாகச் சொல்லிக் காசு வாங்கிப் பட்டறை நடத்துகிறவர்களிடமும் இல்லை.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தவர். ‘தீர்ப்பு’ என்ற கதையை 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்குள் ஒரே மூச்சில் முடித்தார். இதைப் படித்துவிட்டு அப்படி ஒரு ராத்திரி தனக்கும் வாய்க்கும் என்று உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதற்கு முன்னால் அந்த மனிதர் வருஷக்கணக்காக டைரியில் அரையும் குறையுமாக எழுதி, பாதியில் விட்டு, தன்னையே திட்டிக்கொண்டு படுக்கப் போன ராத்திரிகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே காஃப்காதான் மரம் இழைக்கும் மெஷினில் தொழிலாளிகளின் விரல் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று படம் போட்டு அறிக்கையும் எழுதினார். ஆபீஸ் வேலைதான், ஆனால் விரலைக் கூர்ந்து பார்த்த கண் அது.

உங்களுக்கும் வேலையே கூர்ந்து பார்ப்பதுதானே. பீஸை விரித்து, உள்பக்கம் திருப்பி, கறையா ஓட்டையா தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, பழுதான இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். எந்த ஓவர்லாக் டெய்லருக்கு மத்தியானத்துக்கு மேல் தையல் கோணுகிறது, சம்பள நாளில் யாருக்குக் கை வேகமாக ஓடுகிறது, டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கு நிற்கும் பெண் யாரைத் திரும்பிப் பார்க்கிறாள், இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. டீக்கு விடும் நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி கிறுக்கி வையுங்கள். ராத்திரி எழுதவே வேண்டாம், சாப்பிட்டுத் தூங்குங்கள். காலையில் லைன் வீட்டு பாத்ரூமுக்கு வரிசை கூடுவதற்கு முன்னால் அரை மணி கிடைக்கும் பாருங்கள், அதில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதுங்கள். மட்டமாக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் படித்தால் எது உருப்படி என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்ப்பக்கம் எழுதும்படி ஒன்றுமே நடப்பதில்லைங்க. எதைப் பார்த்து எழுதுவது?
— கல்லூரி மாணவி, காங்கேயம்

பதில்: என்ன அம்மிணி, இப்படிச் சொல்லிவிட்டீர்கள்! சித்திரையில் பக்கத்திலேயே கண்ணபுரத்தில் மாட்டுச் சந்தை கூடுமே, போயிருக்கிறீர்களா? காளையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள், அதைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. ஒரு வார்த்தை வெளியே வராது, இரண்டு பேரும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள், துண்டு மட்டும் அசையும். மாட்டுக்காரரின் முகத்தைப் பாருங்கள். போன வருஷம் மழை பெய்ததா, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாரா என்று அந்த முகத்தை வைத்தே நீங்கள் கதை கட்டிக்கொண்டு போகலாம். ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றுகிற நாளில் அரைநாள் சும்மா அங்கே நில்லுங்கள், போனைப் பையில் போட்டுவிட்டு.

கேள்வி: எங்கள் பேச்சுத் தமிழில் எழுதினால் சென்னைக்காரர்களுக்குப் புரியாதே?
— வாசகர், தாராபுரம்

பதில்: தாராபுரத்திலிருந்து இந்தக் கேள்வியா! உங்கள் பக்கத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே ‘நாகம்மாள்’ நாவலைக் கொங்குப் பேச்சோடு எழுதினார், அது இன்றும் அச்சில் இருக்கிறது. சந்தேகம் வருகிறவர்களுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் இருக்கிறது. ஆனால் ஒன்று, வரிக்கு வரி ‘ஏனுங்க, வாங்க’ என்று தூவினால் அது கொங்குத் தமிழ் ஆகிவிடாது, சினிமாக் காமெடி ஆகிவிடும். உங்கள் அப்பத்தா கோபத்தில் எப்படிப் பேசுவார்களோ அந்த வேகத்தைப் பிடியுங்கள், வார்த்தைகள் தானாக வரும்.

கேள்வி: மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கிறேன். “எழுத்து சோறு போடுமா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
— வாசகர், பெருந்துறை

பதில்: “போடாது” என்று சொல்லுங்கள். பொதுவாக ராயல்டி, அதாவது புத்தக விலையில் எழுதியவருக்கு வரும் பங்கு, பத்து சதவீதம். 200 ரூபாய் புத்தகம் 500 பிரதி விற்றால் கைக்கு வருவது 10,000 ரூபாய், அதுவும் பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்தால். மஞ்சள் மண்டி வேலையை விடாதீர்கள்.

கேள்வி: ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வருவீர்களா? என் கதையை உங்களிடம் காட்ட வேண்டும்.
— வாசகி, சென்னிமலை

பதில்: ஆகஸ்டில் வராமல் எங்கே போகப்போகிறேன்? சாயங்காலப் பேச்சுக்குக் கூட்டம் சேருவதற்கு முன்னால் வாருங்கள். கதையை என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்று என் முகத்தைப் பார்க்கக் கூடாது. வீட்டு முகவரியும் சேர்த்துக் கொடுங்கள், படித்துவிட்டுக் கார்டு போடுகிறேன்.