படம் மோசமா, தியேட்டர் மோசமா?

அன்புள்ள ஐயா,

வடசென்னை கொருக்குப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். வாரம் ஒரு படம் பார்ப்பவன், விமர்சகன் அல்ல. என் கருத்துகள் இவை. 'சார்பட்டா பரம்பரை' பாதிக்கு மேல் இஸ்துக்கினே போகிறது. 'மெட்ராஸ்' படத்தில் ஒரு சுவருக்காக இரு கோஷ்டிகள் மோதும் சண்டை சூடுபிடிக்கும்வரை சும்மா ஏரியாவைச் சுற்றிக் காட்டுகிறார்கள். 'காக்கா முட்டை' ஒரு நிமிடம்கூட அலுக்கவில்லை. 'வட சென்னை' இரண்டாம் முறை பார்த்தபோதுதான் புரிந்தது. போன வாரம் பார்த்த ஒரு பெரிய நடிகரின் படத்தில் வசனமே கேட்கவில்லை, தலைவலிதான் மிச்சம். கூட வருகிறவர்கள் "உனக்கு இன்னா சினிமா தெரியும்?" என்கிறார்கள். காரணம் சொல்லத் தெரியாதவனின் கருத்துக்கு மதிப்பு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அலுத்தது என்றால் அலுத்ததுதான், அதில் யாரும் உங்களோடு மல்லுக்கு நிற்க முடியாது. எதனால் அலுத்தது என்பதில்தான் ஆள் மாட்டிக்கொள்வது. "செகண்ட் ஹாஃப் லேக்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எந்தக் காட்சியில் முதன்முதலாகக் கை செல்போனுக்குப் போனது என்று சொல்லிப் பாருங்கள். கூட வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதே இடத்தில்தான் போயிருக்கும்.

தலைவலிப் படத்தை முதலில் எடுக்கிறேன். அதில் தப்பு படத்துடையதுதானா என்பதே எனக்குச் சந்தேகம். டால்பி ஒலிக்கருவியில் ஒலியளவைக் காட்ட ஓர் எண் உண்டு. 7 என்பதுதான் முறையான அளவு. ஸ்டுடியோவில் எந்த அளவில் கேட்டு ஒலியைக் கலந்தார்களோ அதே அளவு அது. விளம்பரம் காதைப் பிளக்கிறது என்று யாராவது குரல் கொடுத்தால் ஆபரேட்டர் 5-க்கு இறக்குவார். படம் தொடங்கியதும் ஏற்ற மறந்துபோவார். இந்த இரண்டு எண்ணில் ஏறக்குறைய 6.7 டெசிபல் போய்விடும். வெடிச்சத்தம் அதைத் தாங்கும், மெல்லப் பேசுகிற வசனம் அமுங்கிவிடும். இன்னொரு கோளாறும் உண்டு. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரில் இருந்துதான் வருகிறது. அதில் மேல்சுருதிக்கான பாகம் பழுதானால் ச, ஸ, ஷ எல்லாம் மழுங்கி, வாயில் துணி வைத்துக்கொண்டு பேசுவதுபோல் கேட்கும். பாட்டு இடது வலது ஸ்பீக்கர்களிலும் வருவதால் அது மட்டும் நன்றாகவே இருக்கும். அதனால்தான் ஜனங்கள் "பாட்டு ஓகே, படம் பேஜார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வெளிச்சமும் அப்படித்தான். 2டி படத்துக்குத் திரையில் இருந்து 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் திரும்பி வர வேண்டும் என்பது கணக்கு. ப்ரொஜெக்டரில் இருக்கிற பழைய ஜெனான் விளக்கை மாற்றாமல் ஓட்டினால் இது குறைந்துகொண்டே வரும், இரவுக் காட்சிகள் கருப்புக் குழம்பாகும், கண் இடுக்கிப் பார்த்துத் தலை வலிக்கும். வெள்ளித்திரை என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். 3டிக்காக நிஜமாகவே வெள்ளிநிறப் பூச்சுத் திரை மாட்டிய அரங்குகளில் நடுவில் பளபளப்பும் ஓரத்தில் இருட்டுமாகத் தெரியும். அங்கே ஓர இருக்கை வாங்காதீர்கள். எந்த அரங்கிலும் திரையில் இருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவாக உட்காருவது நல்லது.

அந்தப் படம் ஓடிடியில் வந்ததும் வசனம் கேட்காத அதே காட்சியை ஹெட்போனில் போடுங்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால் ஒலிக்கலவையைத் திட்டலாம்.

'சார்பட்டா'வுக்கு இந்தச் சாக்கு கிடையாது. அது 2021 ஜூலையில் நேராக அமேசான் பிரைமில் வந்த படம். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, டீ குடிக்க இன்டர்வெலும் இல்லை. ஆனால் உங்கள் அலுப்புக்கு நீளம் காரணமில்லை. முதல் பாதி முழுக்க ஒரே கேள்விதான்: நாயகன் கபிலன், எதிர்ப் பரம்பரையின் வேம்புலியைக் குத்துச்சண்டையில் வீழ்த்துவானா? ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது கலவரம் வெடிக்கிறது, முடிவு தெரியாமல் நின்றுபோகிறது. 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதைக் கதை அங்கே முடிச்சுப் போடுகிறது, கபிலனின் பயிற்சியாளர் ரங்கன் வாத்தியார் கைதாகிறார். அதற்கப்புறம் கேள்வி மாறிவிடுகிறது: சாராயத்தில் விழுந்த இவன் எழுவானா? இதற்கு எதிராளி இல்லை, தேதி இல்லை, மணி அடிப்பவரும் இல்லை. நாமோ இன்னும் பழைய ஆட்டத்தின் முடிவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறோம். விழுவது கதைக்குத் தேவைதான். ஆனால் குடித்துக் கெடுகிற காட்சிகள் ஒரே சேதியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, பாதி போதும். கபிலனோடு மோதுகிற டான்சிங் ரோஸின் ஆட்டத்தை ஏன் எல்லோரும் பேசுகிறார்கள் என்று யோசித்தீர்களா? கால் தெரிகிறது. குத்துச்சண்டைப் படம் எதையும் இப்படிச் சோதிக்கலாம்: முழங்காலுக்குக் கீழே காட்டாமல் முகத்தையும் கையையுமே வெட்டி வெட்டிக் காட்டினால் நடிகருக்கு ஆட்டம் வரவில்லை என்று பொருள்.

'காக்கா முட்டை' அலுக்காததற்குக் காரணம் ஒரு விலை. பீட்சாவுக்கு ஏறத்தாழ 300 ரூபாய். ரயிலில் இருந்து விழுந்த கரியைப் பொறுக்கி விற்கிற பையன்களோடு நாமும் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வருகிறோம். எவ்வளவு ஆச்சு, இன்னும் எவ்வளவு என்று தெரியும்வரை பார்ப்பவர் எழுந்து போகமாட்டார்.

'மெட்ராஸ்' விஷயத்தில் உங்களோடு உடன்பட மாட்டேன். ஹவுசிங் போர்டு படிக்கட்டு, ஃபுட்பால், நண்பர்களின் கலாய்ப்பு எல்லாம் சும்மா சுற்றிக்காட்டல் இல்லை. நாயகனின் நண்பன் அன்பு சாகும்போது வலிக்க வேண்டுமென்றால் அவன் வாழ்கிற இடம் நமக்குப் பழகியிருக்க வேண்டும். கதை நடக்கிற வியாசர்பாடிக்காரர்களுக்கு அது ஏற்கெனவே பழக்கம், உங்களுக்கும்தான். அதனால் நீளமாகப் படுகிறது. மதுரைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பாஷையையும் கவனியுங்கள். "இன்னா", "வந்துகினு" என்று ஆரம்பக் காட்சியில் தூவிவிட்டு, கோபம் வந்ததும் பத்திரிகைத் தமிழுக்குத் தாவுகிற படங்கள் நிறைய. கத்தும்போதும் அழும்போதும் பேச்சு மாறாமல் இருந்தால் வேலை செய்திருக்கிறார்கள்.

'வட சென்னை' முதல் முறை புரியாதது உங்கள் குறையில்லை. தொடக்கத்திலேயே ஒரு கொலை, ஆனால் அது யார், ஏன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் முழுதாக விளங்குகிறது. அதற்குள் இந்தப் படத்தின் நாயகன் அன்புவின் சிறைக்காலம் வருகிறது, பிறகு 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இரவுக்குப் பின்னோக்கிப் போகிறது. ரவுடிகளான குணாவும் செந்திலும் எப்போது கூட்டாளி, எப்போது பகையாளி என்பதை, காட்சி எந்த ஆண்டில் நடக்கிறது என்று பிடித்தால்தான் பிடிக்க முடியும். மூன்றாம் முறை பார்த்தால் ஆண்களை விட்டுவிட்டு ஆண்ட்ரியா நடித்த சந்திராவை மட்டும் பாருங்கள். யார் பக்கத்தில் நிற்கிறார், எந்த இடத்தில் வாய் திறக்காமல் இருக்கிறார் என்று கவனித்தால், கொலைக்கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது என்பது புரியும்.