வாசகர் கேள்வி – பதில்: காவலரோடு வரும் சேப்ளின்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் சித்தப்பா ஓய்வுபெற்ற போதகர். அங்கே காவல் துறையில் ஊதியமின்றி ‘சேப்ளின்’ ஆகப் பணியாற்றுகிறார். காவல் நிலையத்தில் சமயப் பணியாளருக்கு என்ன வேலை? மதப் பிரசாரம் செய்கிறாரா?

பதில்: பிரசாரம் அவருடைய வேலை அன்று. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசு எந்த மதத்தையும் நிறுவுவதைத் தடுக்கிறது. எனவே, காவல் துறையின் சார்பில் ஒரு வீட்டுக்குள் செல்பவர், தாமாக முன்வந்து மதம் பேசக் கூடாது என்பது இப்பணியின் அடிப்படை நெறி. அவ்வீட்டார் வேண்டினால் ஜெபிப்பார். வேறு சமயத்தவராயின் அவர்களுடைய குருவை வரவழைக்க உதவுவார்.

அவருடைய பணிகளில் மிகக் கடினமானது மரணச் செய்தி சொல்வது. நள்ளிரவில் காவலரும் அவரும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். இச்செய்தியைத் தொலைபேசியில் சொல்லாமல் நேரில், முடிந்தவரை இருவராகச் சென்று சொல்ல வேண்டும் என்பதே பயிற்சியில் கற்பிக்கப்படுவது. உள்ளே அமர்ந்த பின், இறந்தவரின் பெயரைச் சொல்லி, “இறந்துவிட்டார்” என்றே சொல்ல வேண்டும். “நம்மை விட்டுப் போய்விட்டார்” என்று சுற்றி வளைத்தால், அதிர்ச்சியில் இருப்பவர் எங்கே போனார் என்று கேட்கக்கூடும். சொல்லி முடித்ததும் காவலரை அடுத்த அழைப்பு இழுத்துக்கொண்டு போய்விடும். சேப்ளின் போவதில்லை. நடுங்கும் கைகளால் எண்களை அழுத்த முடியாத தாய்க்காக அவரே மகளைத் தொலைபேசியில் அழைத்து, உறவினர் வந்து சேரும்வரை உடன் உட்கார்ந்திருப்பார். என்னைக் கேட்டால், இந்தப் பணியின் உயிர் அந்த உட்கார்ந்திருத்தலில்தான் இருக்கிறது.

‘சேப்ளின்’ என்ற சொல்லின் பிறப்பும் பொருத்தமானது. பிற்காலத்தில் பிரான்சிலுள்ள தூர் நகரத்தின் ஆயர் (பிஷப்) ஆன மார்ட்டின், படைவீரராக இருந்தபோது, குளிரில் நடுங்கிய இரவலர் ஒருவருக்குத் தம் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. அந்த அங்கியைக் காத்துவந்த குருமாருக்கு வழங்கிய இலத்தீன் பெயரிலிருந்தே ‘சேப்ளின்’ வந்தது.

காவல் துறை சேப்ளின்களுக்கான பன்னாட்டு அமைப்பு ஒன்றும் 1973 முதல் இயங்குகிறது.

கேள்வி: காவலர்கள் தங்கள் மனச்சுமையை அவரிடம் சொன்னால், அது மேலதிகாரிக்குப் போகாதா?

பதில்: நியாயமான அச்சம். குழந்தையின் சடலத்தைத் தூக்கிய கை, மறுநாள் தன் குழந்தையைத் தூக்கத் தயங்குவதை ஒரு காவலர் மேலதிகாரியிடம் சொல்லத் தயங்குவார். தம்மைப் பணிக்குத் தகுதியற்றவர் என்று எழுதிவிடுவார்களோ என்று அஞ்சுவார். சேப்ளின் அவருக்கு ஆணையிடுபவர் அல்லர், அவருடைய பணித்திறனை மதிப்பிடுபவரும் அல்லர். அதனால்தான் ரோந்து வண்டியில் பல மணி நேரம் உடன் செல்லும் சேப்ளினிடம், முதலில் வானிலையைப் பற்றிப் பேசிய காவலர் மெல்ல மெல்ல உள்ளத்தைத் திறக்கிறார்.

ஆயினும் இரகசியக் காப்புக்கு எல்லை உண்டு. ஒருவர் தம் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருந்தால், சேப்ளின் வாளாவிருக்க இயலாது. குழந்தை வன்கொடுமை பற்றித் தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல இடங்களில் சட்டம் உள்ளது. அமெரிக்காவிலேயே இவ்விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. ஆகவே, எதை இரகசியமாகக் காக்க முடியும், எதை முடியாது என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சேப்ளின் சொல்லிவிட வேண்டும்; அவர் சொல்லாவிட்டால் காவலர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அதில் தயக்கம் வேண்டாம்.