தாது வருஷத்தில் இறந்த தாத்தா: கேள்வி பதில்

வருவாய்த் துறைப் பதிவறையில் முப்பது ஆண்டுக்கு மேல் பழைய கட்டுகளோடு கிடந்து ஓய்வுபெற்றவன் நான். குடும்ப வரலாறு தேடுபவர்களின் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அரூர்: ஐயா, கொள்ளுத்தாத்தா 1952இல் இறந்தார். தர்மபுரி மாவட்டப் பதிவில் எங்கே தேடுவது?

1952இல் தர்மபுரி மாவட்டமே கிடையாது. 2.10.1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். பழைய காகிதத்தில் ‘சேலம் ஜில்லா’ என்றுதான் இருக்கும். கிராமத்தில் இறந்தவர் என்றால் அந்தப் பகுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள், நகரத்தில் என்றால் நகராட்சியில். ஆண்டும் ஊரும் சரியாகச் சொன்னால்தான் தேட முடியும்.

ஓசூர்: ஆன்லைனில் கிடைக்குமா?

அண்மைக்கால இறப்பு என்றால் கிடைக்கும். தாத்தாவுக்கு நேரில்தான் போக வேண்டும்.

பாலக்கோடு: பாட்டியின் தாத்தா தாது வருஷம் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் இறந்தாராம். வேறு விவரம் இல்லை ஐயா.

இல்லை என்கிறீர்களே, இதைவிட என்ன வேண்டும்! தேதி மறந்தாலும் திதி கொடுக்கும் வீட்டில் மாதமும் நாளும் மறக்காது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது வருவது 1876–77, அடுத்து 1936–37. இரண்டில் எது என்று முடிவானால் ஆகஸ்டு முதல் வாரப் பக்கங்களைப் புரட்டினால் போதும். 1936 என்றால் நம்பிக்கை உண்டு. சென்னை மாகாணப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல்தான் வந்தது. 1876 என்றால் கிராமப் பதிவேட்டை மறந்துவிடுங்கள்.

காரிமங்கலம்: ஐயா, தாது என்றாலே பஞ்சம்தானே? கற்றாழைக் கிழங்கு தின்ற கதையை எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். 1876தான்.

1876–78 பஞ்சத்தில் சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்தில் பட்டினிக் கதை எல்லாவற்றையும் தாது வருஷத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். பாலக்கோட்டுத் தம்பி, பாட்டிக்கு என்ன வயது? தாத்தாவைப் பார்த்திருக்கிறாரா?

காரிமங்கலம்: பெரியவர்கள் சொன்னது பொய்யா?

பொய் என்று நான் சொல்லவில்லை. கூட்டிக் கழித்துப் பாருங்கள் என்கிறேன்.

டர்பனில் உறவினர் உள்ள ஒருவர்: முன்னோர் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலியாகப் போனவர். ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 1860 முதல் 1911 வரை போனவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம் எல்லாம் எழுதியிருப்பார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது. ஆகவே கண்ணால் தேடாதீர்கள், ஊர்ப்பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இதிலும் ‘சேலம்’தான், நினைவிருக்கட்டும்.

ஊத்தங்கரை: பதிவேட்டில் ஒரே மாதத்தில் பத்துப் பேருக்குக் காரணம் ‘காய்ச்சல்’ என்று இருக்கிறது. கொள்ளைநோயா?

இருக்கலாம், 1918 என்றால் இன்ஃபுளுயன்சாவை நினைக்கலாம். ஆனால் பதிந்தவர் டாக்டர் இல்லை, கிராம அதிகாரி. மணியக்காரர், கணக்குப்பிள்ளை எனப் பரம்பரையாக வந்த பதவிகள் 1980இல்தான் ஒழிந்தன. தெரியாத நோய்க்கெல்லாம் அவர்கள் எழுதியது காய்ச்சல்தான்.

தேன்கனிக்கோட்டை: பாட்டி பெயரே இல்லை, ‘முனியப்பன் மனைவி’ என்றுதான் உள்ளது. ஊரில் ஏழு முனியப்பன்!

நிலத்தைப் பிடியுங்கள் அம்மா. கிரயப் பத்திரத்தில் தகப்பன் பெயர், ஊர், பக்கத்து நிலக்காரர் எல்லாம் வரும். அந்த முனியப்பன் சொத்தைப் பிள்ளைகள் பாகம் பிரித்த பத்திரம் கிடைத்தால் தாயின் பெயரும் அதில் இருக்கலாம்.

பென்னாகரம்: வாரிசு சான்றுக்கு என்ன செய்ய?

வட்டாட்சியர் அலுவலகம். இது வேறு வேலை.

கிருஷ்ணகிரி: ஆன்லைனில்…

மேலே ஓசூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தர்மபுரி: எங்கள் வயலில் உள்ள நடுகல் என் முப்பாட்டனுடையது. சான்று எப்படி வாங்குவது?

நடுகல்லுக்குச் சான்று கிடையாது. எழுத்து இருந்தால் முதலில் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆநிரை மீட்டுச் செத்த வீரனுக்கு நட்டதாக இருந்தால் அது பல நூற்றாண்டுப் பழசு, முப்பாட்டன் கணக்கில் வராது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நிறைய நடுகற்கள் இருக்கின்றன, ஒரு நாள் போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாலக்கோடு: ஐயா, பாட்டிக்கு 94 வயது. தாத்தா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒகேனக்கல் போனாராம்.

அப்புறமென்ன, 1936. காரிமங்கலத்துக்காரர் கோபிக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையிலேயே போங்கள் தம்பி, போகும்போது பாட்டி சொன்ன ஊர்ப்பெயரை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.