பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போடுவார்?

அன்புள்ள சார்,

அமெரிக்க பிரைமரி தேர்தல்கள், அதாவது பொதுத்தேர்தலுக்கு முன் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்கள், பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பொதுத்தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கணக்குப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் தப்பாகத்தான் முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கே முடிவைத் தீர்மானிப்பது கட்சி சாராத வாக்காளர்கள். கட்சிக்காரர்களுக்கு மட்டும் பிடித்தவரை நிறுத்தினால் நவம்பரில் தோல்விதான். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் சனிக்கிழமை தோறும் இதே விவாதம். போன வாரம் நான் உரக்கப் பேசிக்கொண்டிருந்தபோது என் மனைவி, "நீங்களே எந்தக் கட்சியிலும் இல்லையே, உங்களுக்கு யாரைப் பிடிக்கும், அதைச் சொல்லுங்க" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. எந்தக் கட்சியும் சாராதவன் என்றுதான் பதிந்திருக்கிறேன். அடுத்த பிரைமரியில் எதை வைத்து வாக்களிப்பது?

வி.
நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

அன்புள்ள வி.,

நான் எழுத வேண்டிய பதிலின் பாதியை உங்கள் மனைவியே கேள்வியாகக் கேட்டுவிட்டார்.

2020 பிப்ரவரி 11 அன்று நான் உங்கள் ஊரில்தான் இருந்தேன். நண்பர் ஒருவர் வாக்களிக்கப் போனபோது கூடவே போய், பள்ளிக்கூட ஜிம்மில் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தேன். அவரும் உங்களைப் போலக் கட்சி சாராதவர். எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று மேஜையில் கேட்டார்கள். ஜனநாயகக் கட்சி என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவர் அந்தக் கட்சி உறுப்பினர். வாக்களித்து முடித்து வெளியே வரும் வழியில் இன்னொரு மேஜையில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார், மறுபடியும் கட்சி சாராதவர் ஆனார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கும்.

ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக எலிசபெத் வாரன், பீட் பூட்டஜெஜ், ஜோ பைடன் என்று பலர் போட்டியிட்டார்கள். காரில் ஏறியதும் நண்பர் சொன்னார்: "எனக்கு வாரனைத்தான் பிடிக்கும். ஆனா நடுவுல இருக்கறவங்க ஒரு பொம்பளைக்குப் போட மாட்டாங்க. அதான் பூட்டஜெஜுக்குப் போட்டேன்."

நடுவில் இருப்பவர் அவரேதான். அவருக்கு வாரனைப் பிடித்திருக்கிறது. தன்னைப் போன்ற இன்னொருவருக்குப் பிடிக்காது என்று தானாகவே முடிவு செய்து, அந்த இன்னொருவருக்காகத் தன் வாக்கை மாற்றிப் போட்டுவிட்டார். அவர் மட்டும் இல்லை. அன்று அந்த பிரைமரியில் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஆறு பேர், தங்கள் கருத்தோடு ஒத்துப்போகிறவரைவிட டிரம்பைத் தோற்கடிக்கக்கூடியவரே முக்கியம் என்று கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். அப்படி யோசித்து வாக்களித்த மாநிலத்தில் பைடன் ஐந்தாவது இடத்துக்குப் போனார். முடிவு வருவதற்கு முன்பே, பின்னால் பிரைமரி நடக்கவிருந்த தென் கரோலினாவுக்குக் கிளம்பிவிட்டார். நவம்பரில் டிரம்பைத் தோற்கடித்தவர் அவர்தான். கட்சி சாராதவர்களிடமும் அவருக்கு 54 சதவீதம், டிரம்புக்கு 41.

கட்சி சாராதவர் என்றால் யார் என்பதிலேயே நமக்கு ஒரு தவறான படம் இருக்கிறது. இரு கட்சிக்கும் நடுவே, இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கும் நிதானமான ஆள் என்று நினைத்துக்கொள்கிறோம். கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கில் 2024-ல் அமெரிக்கர்களில் 43 சதவீதம் பேர் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் "எந்தப் பக்கம் கொஞ்சமாவது சாய்வீர்கள்" என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலோர் ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுகிறார்கள், தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் பக்கமே போடவும் செய்கிறார்கள். உண்மையிலேயே எந்தப் பக்கமும் சாயாதவர்கள் பத்தில் ஒருவர்தான் இருப்பார். அவர்களிலும் அரசியலை அதிகம் கவனிக்காதவர்கள் நிறைய. இவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாக்கி "அவருக்கு மிதவாதிதான் பிடிக்கும்" என்று சொல்வதில்தான் தப்பு தொடங்குகிறது.

2012-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி கட்சி சாராதவர்களிடம் 50-க்கு 45 என்று ஒபாமாவை முந்தினார். ஆனாலும், மாநிலவாரியாகக் கிடைத்து அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் 332 பெற்று ஒபாமா ஜெயித்தார். தங்கள் கட்சி போதிய அளவு வலதுசாரியாக இல்லை என்று கோபப்பட்ட தீவிர வலதுசாரிகள் பலர் அப்போது தங்களைக் கட்சி சாராதவர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், ராம்னியின் கணக்கில் கூடியது அந்த வாக்கு. 2004-ல் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரியும் இவர்களிடம் மயிரிழையில் முந்தியும், முடிவைத் தீர்மானித்த ஒஹாயோவில் சுமார் 1,18,000 வாக்கில் தோற்றார். 2008-ல் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்னின் கதை இன்னும் வேதனையானது. குடியரசுக் கட்சியில் கட்சி சாராதவர்களுக்கு அவரைப் போலப் பிடித்தவர் வேறு யார்? 2000-லும் 2008-லும் பிரைமரியில் உங்கள் மாநிலம்தான் அவரைக் கைதூக்கிவிட்டது. ஆனால் 2008 செப்டம்பரில் வங்கிகள் சரிந்தன. நவம்பரில் அதே கட்சி சாராதவர்களிடம் ஒபாமாவுக்கு 52, அவருக்கு 44.

சரி, அப்படியானால் யாரை நிறுத்தினாலும் ஒன்றா? இல்லை. அங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2010-ல் டெலவேரில் செனட் இடத்துக்குப் போட்டியிட்ட குடியரசுக் கட்சியின் மைக் காஸில் ஏற்கெனவே ஆளுநராக இருந்தவர், மாநிலம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஜெயித்தவர். பிரைமரியில் கட்சிக்காரர்கள் மட்டுமே வாக்களிக்கக்கூடிய மாநிலம் அது. அவர்கள் அவரை ஒதுக்கிவிட்டு கிறிஸ்டின் ஓ'டானலை நிறுத்தினார்கள். எளிதாகக் கிடைத்திருக்கக்கூடிய செனட் இடம் எதிர்க்கட்சிக்குப் போனது. ஆனால் காஸிலுக்கு வாக்குக் கிடைக்கும் என்பது யாருடைய ஊகமும் இல்லை. எல்லாத் தரப்பும் அவருக்குப் போட்டு வந்திருக்கிறது என்பது கண்முன்னால் இருந்த உண்மை.

ஊகம் மட்டும் இருக்கும்போது அதற்குள் வேறு சில விஷயங்களும் புகுந்துவிடுகின்றன, அதுதான் என்னைக் கவலைப்படுத்துவது. "எனக்கு ஆட்சேபம் இல்லை, மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள்" என்ற வாக்கியம் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு பெண்ணைப் பற்றியோ ஒரு கறுப்பரைப் பற்றியோதான் வருகிறது. 2007-ல் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களே பலர் ஒபாமா விஷயத்தில் தயங்கினார்கள், வெள்ளையர்கள் போட மாட்டார்கள் என்று. 2008 ஜனவரி 3 அன்று, வேட்பாளர் தேர்வு முதலில் நடக்கும் மாநிலமாக அப்போது இருந்த, ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்கள் வாழும் அயோவாவில் அவர் ஜெயித்தார். அப்புறம்தான் அந்தத் தயக்கம் உடைந்தது. அயோவாக்காரர்களும் அதே கணக்கைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட அளவுகோலுக்கு வருகிறேன். உங்கள் மாநிலத்துக்குக் கிடைத்த வசதி வேறு பல மாநிலங்களுக்கு இல்லை. வேட்பாளர்கள் உணவகத்துக்கும் பள்ளி அரங்குக்கும் நேரில் வருகிறார்கள், கேள்வி கேட்கவிடுகிறார்கள். இரண்டு மூன்று பேரையாவது போய்ப் பாருங்கள். வீட்டுக் கடன், மருத்துவக் காப்பீடு, உங்கள் நண்பர்களில் விசாவுக்காகக் காத்திருப்பவர்களின் நிலைமை என்று உங்களை நிஜமாக அழுத்தும் ஒன்றைக் கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதில் உங்களுக்கு ஒப்புகிறதா என்று பாருங்கள். நீங்கள்தான் அவர்கள் தேடும் வாக்காளர், உங்களுக்குப் பிடித்தது என்ன என்பதும் ஒரு சாட்சிதான். அதற்குப் பிறகும் இருவருக்கு நடுவே தயக்கம் இருந்தால், தன் கட்சிக்குச் சாதகமில்லாத இடத்தில் யார் உண்மையிலேயே ஜெயித்திருக்கிறார் என்று பாருங்கள்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாக்களித்துவிட்டு வரும்போது அந்தக் கடைசி மேஜையில் கையெழுத்துப் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் அந்தக் கட்சி உறுப்பினராகவே பதிவில் இருப்பீர்கள்.