குழந்தை நலம் கேள்வி பதில்: காய்ச்சல் சிரப் எத்தனை மில்லி?

இந்த மாதம் வந்த கடிதங்கள் பல ஊர், பல வயது. ஆனால் சிக்கல் பெரும்பாலும் ஒன்றுதான்: மருந்து சரி, அளவு தப்பு. அதனால் அளவு சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

என் மகனுக்கு ஒன்றே கால் வயது, எடை 10 கிலோ. போன தடவை காய்ச்சலுக்கு டாக்டர் எழுதித் தந்த சிரப் 6 மில்லி. இப்போது மருந்துக் கடையில் வேறு பாட்டில் தந்து, ‘அதே பாராசிட்டமால்தாம்மா’ என்கிறார்கள். அதே 6 மில்லி கொடுக்கலாமா? கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் உடம்பு சுட்டால் என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

பாட்டிலைத் திருப்பிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். மருந்து அதேதான், அடர்த்தி வேறாக இருக்கலாம். 5 மில்லியில் எத்தனை மி.கி. என்று சொல்லும் பொடி எழுத்து வரி லேபிளில் இருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டிய வரி.

குழந்தைக்குப் பாராசிட்டமால் கணக்கு, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. உங்கள் மகனுக்கு 150 மி.கி. 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 மி.கி. உள்ளது என்றால் 3 மில்லி போதும். சொட்டு மருந்தாக வரும் சின்னப் பாட்டிலில் வழக்கமாக ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும், அதில் ஒன்றரை மில்லிதான். இந்தச் சொட்டு மருந்தில்தான் விபத்து நடக்கிறது. ‘கைக்குழந்தைக்கான மருந்து, அதனால் லேசானது’ என்று எண்ணி 6 மில்லி ஊற்றினால் 600 மி.கி. போய்விடும், தேவையைப் போல நான்கு மடங்கு. அப்படி நடந்துவிட்டால் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஈரல் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரியாது.

சமையலறை ஸ்பூன் வேண்டாம், வீட்டுக்கு வீடு அது மாறும். ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் நல்லது. பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் மேலே நீர்த்தும் அடியில் கெட்டியாகவும் இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். ரொம்ப முடியாவிட்டால் நான்கு மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம், அதற்கு முன் கூடாது. 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். அம்மா ஒரு தடவை, அது தெரியாமல் பாட்டி ஒரு தடவை என்று கொடுப்பது கூட்டுக் குடும்பங்களில் சகஜம். கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளிலேயே எழுதிவிடுங்கள். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் லேபிளில் பாருங்கள்.

ஒரு மணி நேரத்தில் சூடு ஒன்று, ஒன்றரை டிகிரி இறங்கி, குழந்தை கண் திறந்து பால் குடித்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். 98.4-க்கு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஐஸ் தண்ணீர் கூடாது, அது நடுக்கத்தைக் கொடுத்துச் சூட்டை ஏற்றும். கம்பளி சுற்றாதீர்கள். வேகமாக இறங்க வேண்டும் என்று மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் சிரப்புகளை நீங்களாகச் சேர்க்காதீர்கள். டெங்குக் காய்ச்சலாக இருந்தால் அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காட்டினாலே வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பெரிய குழந்தையானால், மழைக்காலத்தில் காய்ச்சல் விட்ட நாளைக் கவனியுங்கள். டெங்குவில் மூன்றாம் நாளுக்கு மேல் சூடு இறங்கும்போதுதான் ஆபத்துக் கட்டம் தொடங்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், சோர்வு, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘காய்ச்சல் விட்டுவிட்டதே’ என்று இருந்துவிடாதீர்கள்.

என் பேத்திக்கு இரண்டு வயது. நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் துப்புகிறாள், வாந்தியும் எடுக்கிறாள். பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுக்கிறோம். தொக்கம் (வயிற்றில் சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு முறை) எடுக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் வற்புறுத்துகிறார்கள். (வாசகி, தென்காசி)

முதலில் அந்தப் பாதிப் பாக்கெட் பழக்கத்தை நிறுத்துங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரியதில் பாதியை டம்ளரில் போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாகிவிடும். ரத்தத்தில் உப்பு ஏறும், பேதியும் கூடும். நாக்குக்குக் கரிப்பதால் துப்புவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே நல்ல அளவுப் பாத்திரம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை அதில் நிரப்பி முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குலுக்குங்கள். கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. சர்க்கரை, ஜூஸ், பால் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

டம்ளரோடு நீட்டினால் தாகத்தில் மடமடவென்று குடித்துவிட்டு வாந்தி எடுப்பாள். ஒன்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, முன்னைவிட மெதுவாக மறுபடி ஆரம்பியுங்கள். ஒவ்வொரு முறை பேதி போனதும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. இது பேதியை நிறுத்தும் மருந்து இல்லை, போன நீரை ஈடுகட்டுவது. பேதி நடக்கும்போதும் குடல், உப்பையும் குளுக்கோஸையும் சேர்த்து உறிஞ்சும். அதோடு தண்ணீரும் உள்ளே போகும். சர்க்கரை அளவு மீறினால் நடப்பது நேர்மாறு, தண்ணீர் குடலுக்குள் இழுக்கப்படும். அட்டைப் பெட்டிகளில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஆகாது என்று சொல்வது அதனால்தான். பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. என்றாலும் கடையில் கேட்கும்போது ‘பொடி பாக்கெட்’ என்று சொல்லியே வாங்குங்கள்.

கூடவே துத்தநாகம் 20 மி.கி., தினம் ஒருமுறை, 14 நாள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10 மி.கி. மூன்றாம் நாளே பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இட்லி, தயிர் சாதம், குழைந்த கஞ்சி, தாய்ப்பால் எதையும் நிறுத்த வேண்டாம்.

தொக்கம் எடுக்கவே வேண்டாம். வயிற்றில் சிக்கியிருந்த சோறு என்று காட்டப்படுவது குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததில்லை. அதற்குப் போய்வரும் அரை நாள்தான் நீரிழப்பு முற்றும் நேரம். அழுதால் கண்ணீர் வரவில்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் உள்ளே போய்விட்டது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது, மலத்தில் ரத்தம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்று வயது மகளுக்கு அடிக்கடி இழுப்பு. பஃப் (வாய்வழியாக அடிக்கும் இன்ஹேலர்) எழுதித் தந்திருக்கிறார்கள். அது பழகிவிடும், சிரப்பே போதும் என்கிறார் மாமியார். பஃப் அடித்தும் சில சமயம் கேட்பதில்லை. (வாசகி, திருப்பூர்)

பழகாது. சால்புடமால் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம், அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அதே மருந்தைச் சிரப்பாகக் கொடுத்தால் மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டும். கை நடுக்கமும் படபடப்பும் அதனால் வருபவை.

பஃப் கேட்கவில்லை என்றால் அடிக்கும் முறையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த வயதில் மாஸ்க் வைத்த ஸ்பேசர் (பஃப்புக்கும் முகத்துக்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழல்) இல்லாமல் அடித்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். பஃப்பைக் குலுக்குங்கள். புதியதாகவோ வெகுநாள் எடுக்காததாகவோ இருந்தால் காற்றில் இரண்டு தடவை அடித்துவிடுங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு மூச்சு போகும்வரை மாஸ்க்கை எடுக்காதீர்கள். அடுத்த பஃப்புக்கு மறுபடி குலுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி ஸ்பேசரிலேயே தங்கிவிடும். வீறிட்டு அழும்போது அடிப்பதும் வீண், சமாதானப்படுத்திவிட்டு அடியுங்கள்.

ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே நிழலில் காயவிடுங்கள். துணியால் உள்ளே துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். தினசரி அடிக்கச் சொன்ன ஸ்டீராய்டு பஃப் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வைத்து, மாஸ்க் பட்ட முகத்தையும் கழுவிவிடுங்கள். இழுப்பு இல்லாத நாளிலும் அதை விடக் கூடாது. கொசுவத்தியும் சாம்பிராணிப் புகையும் அவள் இருக்கும் அறையில் வேண்டாம்.

இருமல் சிரப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்து நான்கு வயதுக்குக் கீழே கூடாது என்று 2023-லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்குக் காரணம், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பில் இருந்த டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு. சாதாரணச் சளி இருமலுக்கு அவள் வயதில் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் போதும். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது.

மூச்சு வேகத்தை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எழுந்து இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயதில் 40, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கும் கீழே 60 என்ற எண்ணைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே கிளம்புங்கள்.

பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடத்தில் தழும்பே வரவில்லை. மறுபடி போட வேண்டுமா? (வாசகர், விழுப்புரம்)

வேண்டாம். தழும்பு வராததால் ஊசி பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. தழும்பு வரும் குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்துக் கொப்புளம் வந்து உடையும், அதில் மஞ்சளோ களிம்போ தடவக் கூடாது. தேதி தவறிய மற்றத் தடுப்பூசிகளுக்கும் சேர்த்தே பதில்: முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குளிப்பாட்ட வரும் அம்மா குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார். உரை மருந்தும் கொடுக்கச் சொல்கிறார். (வாசகி, புதுக்கோட்டை)

உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தப்பில்லை. மூக்கு, காது, கண், தொப்புள் நான்கிலும் எண்ணெய் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் இருமி வெளியேற்ற முடியாது, நிமோனியாவில் கொண்டுவிடும். வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பதும் வேண்டாம். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தில், பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு போதும்.

உரை மருந்து ஆறு மாதம் வரை வேண்டாம். கல்லும் தண்ணீரும் கையும் சுத்தமாக இருப்பது அபூர்வம், உரசும் அளவும் தினம் ஒரு மாதிரி. அந்த அம்மாவை நிறுத்திவிடச் சொல்லவில்லை. பேறுகாலத்தில் அவர் தரும் ஒத்தாசை பெரிது. ‘மூக்கில் எண்ணெய் விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க’ என்று எங்கள் தலையில் போட்டுவிடுங்கள்.

பவுடராக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப்பை எப்படிக் கலப்பது? மூன்றாம் நாளே தீர்ந்துவிடுகிறது. (வாசகர், தூத்துக்குடி)

தண்ணீர் குறைவாக ஊற்றியிருப்பீர்கள், அல்லது நுரையைப் பார்த்துக் கோடு வந்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். அப்படியானால் ஒவ்வொரு வேளையும் குழந்தைக்கு அதிக மருந்து போயிருக்கிறது. முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துக்கொள்ளுங்கள். கூடவே தரும் தண்ணீரையோ கொதித்து ஆறிய தண்ணீரையோ கோட்டுக்குப் பாதிவரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மீதியைக் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். வெந்நீர் கூடாது, மருந்து கெட்டுவிடும். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா, எத்தனை நாளில் கொட்ட வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், லேபிளில் இருக்கும். கலந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதுங்கள். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம், டாக்டரிடம் பேச ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன கொண்டுபோனால் உதவும்? (வாசகி, கடலூர்)

தடுப்பூசி அட்டை, ஏற்கெனவே கொடுத்த மருந்துகளின் பாட்டில்கள், காய்ச்சல் பார்த்த நேரமும் அளவும் எழுதிய தாள். ‘வெள்ளை கலர் மருந்து’ என்று சொன்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இழுப்போ வலிப்போ டாக்டர் பார்க்கும்போது நின்றிருக்கும், அதனால் வீட்டிலேயே செல்போனில் அரை நிமிடம் எடுத்து வையுங்கள். மூச்சுத் திணறல் என்றால் சட்டை இல்லாமல், நெஞ்சும் வயிறும் தெரிய. வலிப்பு என்றால் முதலில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் இரும்பு, வாயில் ஸ்பூன் எதுவும் வேண்டாம். கூட வேறு ஆள் இருந்தால் மட்டும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் செல்போனில் அழுத்த வேண்டியது 108. எடையைத் தராசில் பார்த்துச் சீட்டில் எழுதிய பிறகே உள்ளே போங்கள். மருந்து எழுதி முடித்ததும் மூன்று கேளுங்கள்: ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, எத்தனை நாள், எது வந்தால் உடனே திரும்பி வர வேண்டும். மருந்துக் கடையில் வேறு கம்பெனிப் பாட்டில் தந்தால், 5 மில்லியில் எத்தனை மி.கி. என்று சீட்டோடு ஒப்பிட்ட பிறகு பணம் கொடுங்கள்.