லு ஷாம்போன்-சுர்-லின்யோன்: அடைக்கலம் தந்த பிரெஞ்சு மலையூர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இந்த ஊர் பிரான்சின் எந்தப் பகுதியில் இருக்கிறது, ஐயா?

பதில்: மாசிஃப் சென்ட்ரால் மேட்டு நிலத்தின் கிழக்குப் பகுதியில், ஓத்-லுவார் மாவட்டத்தில், லுவார் ஆற்றில் சென்று கலக்கும் லின்யோன் ஆற்றின் கரையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே 1,753 மீட்டர் உயரமுள்ள மெசாங்க் எரிமலை தெரியும். குளிர்காலத்தில் 'பூர்ல்' என்னும் வடகாற்று பனியை வாரிக் கொண்டுவந்து பாதைகளை மூடிவிடும். பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில், தடித்த கருங்கற் சுவர்களோடு, மனிதரும் மாடுகளும் வைக்கோலும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படி கட்டப்பட்டவை. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தவற்றுக்கு இதுவே அடிப்படை.

கேள்வி: கத்தோலிக்க நாட்டில் இங்கு மட்டும் புரொட்டஸ்டன்ட்கள் மிகுந்திருப்பது ஏன்?

பதில்: 16ஆம் நூற்றாண்டிலேயே சீர்திருத்த சமயம் இந்த மேட்டு நிலத்தில் வேரூன்றிவிட்டது. 1598இல் நாந்த் அரசாணை புரொட்டஸ்டன்ட்களுக்கு அளித்த வழிபாட்டு உரிமையை 1685இல் மன்னர் பதினான்காம் லூயி பறித்தபோது, போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர், ஆலயங்கள் இடிக்கப்பட்டன. 1787இல் சகிப்பு ஆணை வரும்வரை, நூறாண்டுக்கு மேலாக, இம்மக்கள் காட்டிலும் களஞ்சியத்திலும் ஒளிந்தே வழிபட்டார்கள். அரசு தேடும் ஒருவரை வீட்டில் மறைத்து வைப்பதும், அதைப் பற்றி வாய் திறவாதிருப்பதும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே அவர்களுக்குக் கைவந்தவை.

கேள்வி: இவ்வளவு ஒதுங்கிய ஊரை வெளியார் எப்படி அறிந்தார்கள்?

பதில்: தூய காற்றால். 1893 முதல் லூயி கோம்த் என்ற போதகர், நிலக்கரிப் புகை சூழ்ந்த சேன்ட்-எத்தியேன் நகரத்துத் தொழிலாளர்களின் பிள்ளைகளைக் கோடையில் இங்குள்ள பண்ணைகளுக்கு அனுப்பினார். 1902இல் குறுகிய இருப்புப்பாதை வந்தது. விடுதிகளும் சிறுவர் இல்லங்களும் பெருகின. அதனால் அறிமுகமில்லாத ஒரு பிள்ளை பண்ணையில் தங்கியிருப்பதைப் பார்த்து யாரும் வியப்படையவில்லை.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் யூதர்களைக் காத்தது எவ்வாறு?

பதில்: பிரான்ஸ் ஜெர்மனியுடன் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டதற்கு மறுநாள், 1940 ஜூன் 23 அன்று, போதகர்கள் ஆந்த்ரே த்ரோக்மேயும் எதுவார் தேயிஸும் வன்முறையை ஆன்மாவின் ஆயுதங்களால் எதிர்க்க வேண்டும் என்று ஆலயத்தில் அறைகூவல் விடுத்தார்கள். தடுப்பு முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளைச் சுவிஸ் உதவி அமைப்பு நடத்திய இல்லங்கள் ஏற்றன. மற்றவர்கள் பண்ணைகளிலும் விடுதிகளிலும் தங்கினார்கள். போலி அடையாள அட்டைகள் உள்ளூரிலேயே தயாராயின. சிலர் சுவிட்சர்லாந்து எல்லைக்கும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். 1942 ஆகஸ்டில் ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி என்னும் பிரெஞ்சு அரசின் காவலர்கள் பேருந்துகளோடு வந்து யூதர்களின் பெயர்ப் பட்டியல் கேட்டபோது த்ரோக்மே தர மறுத்தார். பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின. ஆனாலும் இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 1943 ஜூன் 29 அன்று ஜெர்மானியக் காவலர்கள் 'மேசோன் தே ரோஷ்' மாணவர் இல்லத்தில் புகுந்து இளைஞர்களைப் பிடித்துச் சென்றார்கள். அவர்களைப் பிரிய மறுத்த பொறுப்பாளர் தானியேல் த்ரோக்மே, போதகரின் உறவினர், 1944இல் போலந்தில் இருந்த மைதானெக் நாஜி முகாமில் இறந்தார்.

கேள்வி: காப்பாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர்?

பதில்: பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு 5,000 பேர்; அவர்களில் 3,000 முதல் 3,500 வரை யூதர்கள். இது மிகை என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. மறைவாகச் செய்த வேலைக்கு யாரும் பதிவேடு வைத்திருக்கவில்லை.

கேள்வி: எல்லாப் புகழும் போதகர் த்ரோக்மேக்கே சேருமா?

பதில்: சேராது என்பதே என் உறுதியான கருத்து. அவர் 1934இல்தான் இங்கு வந்தார். 1943 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டுச் சில வாரங்கள் முகாமில் இருந்தபோதும் அடைக்கலம் தடைபடவில்லை. கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலும் பண்ணைப் பெண்கள். சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கத்தோலிக்கர்களும் துணைநின்றார்கள். 1990இல் யூதப் படுகொலையை நினைவுகூரும் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் தனிமனிதர்களோடு நில்லாமல் இந்த ஊரையும் அண்டை ஊர்களையும் சேர்த்தே போற்றியது. அது மிகப் பொருத்தமான செயல்.

கேள்வி: இன்று அங்கே போனால் எதைப் பார்க்கலாம்?

பதில்: ஏறத்தாழ 2,500 பேர் வாழும் ஊர் அது. வாசலின் மேல் "ஒருவரையொருவர் நேசியுங்கள்" என்று பொறித்த ஆலயமும், 2013இல் திறக்கப்பட்ட நினைவு அருங்காட்சியகமும் உண்டு. கோடையில் சென்றால் பழைய குறுகிய பாதையில் சுற்றுலா ரயில் ஓடுகிறது. அகதிகள் வந்து இறங்கிய பாதை அதுதான்.